ஆயுத பூஜைக்கு வைத்த மட்டை

துலுக்கானத்தை நான் முதலில் பார்த்தது 1968 ஜூலையில், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள். கையில் ஒரு துண்டுச் சீட்டோடு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். எண்ணெய்க் கறை படிந்த காக்கிச் சட்டை, கறுத்து நெடிய உருவம். வலது முன்கை மட்டும் இடது கையைவிட ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. ஃபிட்டர் வேலை செய்தால் அப்படி ஆகும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. செம்பரம்பாக்கம் ஏரிக்கு மேற்கே இருக்கும் எங்கள் சிற்றூரில் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று போட்டுக்கொண்ட முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு அன்றும் கூச்சமில்லை, இன்றும் இல்லை. அந்த இரண்டெழுத்துக்காகத்தான் பார்கவி பம்பு கம்பெனியில் என்னை 'ஸ்டாஃப்' என்று எடுத்து, டைம் ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி கொடுத்தார்கள். அந்தக் கம்பெனியில் காபியிலிருந்து கக்கூஸ் வரை எல்லாவற்றுக்கும் இரண்டு வரிசை. ஸ்டாஃபுக்கு ஒன்று, தொழிலாளிக்கு ஒன்று.

சீட்டில் மானேஜர் ஜானகிராமனின் கையெழுத்து இருந்தது. துலுக்கானத்துக்கு ஸ்டாஃப் கிளப்புக்குள் போக ஒரு பாஸ் அடித்துக் கொடுக்க வேண்டும், வேலை என்ற இடத்தில் 'மார்க்கர்' என்று போட வேண்டும் என்று எழுதியிருந்தது. மார்க்கர் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. பி.ஏ. படித்துவிட்டு அதை ஒரு தொழிலாளியிடம் கேட்கலாமா என்று ஒரு நிமிஷம் தயங்கிவிட்டுக் கேட்டேன்.

"மெம்பருக்கு ஜோடி கெடைக்கலன்னா கூட நின்னு டென்னிஸ் ஆடற வேலக்காரன் சார்" என்றார்.

"நீங்க ஃபிட்டர் ஷாப்னு போட்டிருக்கே?"

"ஃபிட்டர் ஷாப்புலதான் கீறேன். அஞ்சு மணிக்கு மேல மானேஜர் கூட ஆடணும். உள்ள போவறதுக்கு இன்னாவோ ஒரு பேரு வேணுமில்ல? அடிங்க சார்."

அடித்தேன். முத்திரை வைத்துக் கொடுத்தேன். அவர் அதை ஒரு தரம் படித்துப் பார்த்துவிட்டு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்தப் பாஸ் ஏன் தேவைப்பட்டது என்று பிறகுதான் புரிந்தது. கம்பெனிக்குப் பின்னால் இருந்த கிளப்பில் ஒரு ஓட்டுக் கட்டடம், இரண்டு கேரம் போர்டு, ஒரு ரேடியோ, ஒரு டென்னிஸ் கோர்ட். ஸ்டாஃப் மட்டும்தான் மெம்பர். தொழிலாளி உள்ளே வரவேண்டுமானால் தோட்டக்காரனாகவோ, காவல்காரனாகவோ, காபி கொண்டு வருகிறவனாகவோதான் வரலாம். டென்னிஸ் மட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்காத நான் அடுத்த மாதமே மெம்பர் ஆனேன். பல்கலைக்கழகத்துக்காக ஆடிய துலுக்கானம் மார்க்கர் என்ற பாஸைக் காட்டிவிட்டுப் பின்கதவு வழியாக வந்தார்.

அவர் பல்கலைக்கழக ஆட்டக்காரர் என்பதை எனக்குச் சொன்னவர் கோர்ட்டுக்கு உருளை தள்ளும் அப்பாவு. நான் நம்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை திருமுல்லைவாயிலில் இருந்த அவர் வீட்டுக்குப் போனபோது, சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த பத்திரிகைப் படத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். 1965-ஆம் வருஷக் கல்லூரிகளுக்கிடையிலான ஒற்றையர் போட்டியில் வென்றவர். இரண்டு அங்குலப் படம். வெள்ளைச் சட்டையில் அதே நெடிய உருவம்.

அவருடைய அப்பா வீராசாமியின் தலைமுறை வரைக்கும் பிறர் நிலத்தில் நாற்று நட்டும் அறுத்தும் வாழ்ந்த குடும்பம். வயலெல்லாம் தொழிற்பேட்டையும் குடியிருப்புமாக ஆனபோது வீராசாமி மூட்டை தூக்கப் போனார். அம்மா தாயம்மா ஆவடி ராணுவக் குடியிருப்பில் கோர்ட் மெழுகினார். அந்தக் காலத்துக் கோர்ட் செம்மண்தான். வாரத்துக்கு இரண்டு முறை சாணியைக் கரைத்து மெழுகினால்தான் புழுதி எழும்பாது, பந்தும் ஒழுங்காக எழும்பும். மாற்றலாகிப் போன ஒரு அதிகாரியின் மனைவி, நரம்பு இரண்டு அறுந்த மட்டையொன்றைத் தாயம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். துலுக்கானத்தின் டென்னிஸ் அந்த இடத்தில் தொடங்கியது. தினமும் ரயிலேறிப் பட்டணத்துக் கல்லூரிக்குப் போனார். இரண்டாம் வருஷத்திலேயே கல்லூரி அணியில் முதல் ஆட்டக்காரர். கோட்டைத் தொட்டு விழும்படி அடிப்பாராம். விழுந்த இடத்தில் சுண்ணாம்பு பறக்குமாம். எதிராளி பந்தை எடுக்க ஓடுவதை நிறுத்திவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றுவிடுவானாம்.

கடைசி வருஷம் அலகாபாத்தில் பல்கலைக்கழகங்களின் போட்டி. அங்கே அரையிறுதி வரை ஆடிவிட்டு ரயிலில் திரும்பி வந்துகொண்டிருந்தபோது இங்கே ஆங்கிலப் பரீட்சை முடிந்துவிட்டது. இரண்டு தாளும் போயிற்று. மற்றதிலெல்லாம் பாஸ். ஆகவே பி.ஏ. இல்லை. பார்கவி கம்பெனி 'விளையாட்டு வீரர்' என்று சொல்லித்தான் அவரை எடுத்தது. ஆனால் பட்டம் இல்லாதவரை ஸ்டாஃபாக எடுக்கச் சட்டமில்லை என்று ஃபிட்டர் ஷாப்புக்கு அனுப்பிவிட்டது.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. டிசம்பரில் பட்டணத்தில் நடக்கும் மாநிலப் போட்டியில் இன்னொரு முறை ஆட வேண்டும். கல்லூரியில் இருந்தபோது ஒரு தரம் ஆடிக் காலிறுதியில் மூன்றாவது செட்டை ஐந்துக்கு ஏழு என்று விட்டிருந்தார். அந்தக் கணக்கை என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். எந்தப் பந்து எங்கே விழுந்தது என்று தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டுவார். வேலையில் முதல் இரண்டு வருஷம் தகுதிகாண் காலம், லீவு கிடையாது. 1969 டிசம்பருக்கு லீவு உண்டு. அதற்காகத்தான் அந்தப் பாஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தினமும் மாலை கோர்ட்டுக்கு வந்தார். அம்பத்தூர் வட்டாரத்தில் அவர் கால் வைக்கக்கூடிய கோர்ட் வேறு எதுவும் இல்லை.

1969 அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. தொழிற்பேட்டையில் அதைவிடப் பெரிய பண்டிகை கிடையாது. முதல்நாளே இயந்திரங்களை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, பட்டை பட்டையாகச் சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டிவிடுவார்கள். கம்பெனிப் பூஜை முடிந்ததும் கிளப்பில் தனியாக ஒரு பூஜை. அதை நடத்துவது அப்பாவு. கோர்ட்டின் ஓரத்தில் ஒரு பாயை விரித்து, மண்வெட்டி, கடப்பாரை, சுண்ணாம்பு டின், பூவாளி, சமையல்காரரின் கரண்டி எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். உருளையை நகர்த்த முடியாது என்பதால் அது நின்ற இடத்திலேயே பொட்டு வாங்கிக்கொண்டது.

துலுக்கானம் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார். அப்பாவு அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னா தொர, நாங்க கடப்பார வெக்கிறோம், கரண்டி வெக்கிறோம். உன் பேட்டு மட்டும் ஒசத்தியா? எங்க சாமான் பக்கத்துல வெச்சா தீட்டாயிடுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். சமையல்காரர் தன் பங்குக்கு, காலேஜுக்குப் போனவன் சாமியைக் கும்பிட மாட்டான் என்றார். சாணி மெழுகியவளின் மகன் கடப்பாரைக்குப் பக்கத்தில் மட்டையை வைக்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? வைத்தார். அப்பாவு அதன் நரம்பில் சந்தனமும் குங்குமமும் இட்டார். மாலையில் இருந்து ஒரு செவ்வந்தியைப் பிய்த்துச் செருகினார். பிறகு வழக்கப்படி மானேஜர் தட்டு கொடுத்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, ஒரு வேட்டி, ஒரு கவர். கிளப் வேலைக்காரர்கள் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டார்கள். வரிசையில் கடைசி ஆளாகத் துலுக்கானமும் நின்றார். பூஜைத் தட்டை வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா?

நான் மெம்பர்களோடு நாற்காலியில் உட்கார்ந்து பொரிகடலை தின்றுகொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியில் மானேஜரின் விருந்தாளியாக வந்திருந்த ஒரு பெரியவர். பெயர் உலகநாதன். பட்டணத்துக்காரர், மடிப்புக் கலையாத வெள்ளைப் பேன்ட். அந்த டென்னிஸ் மட்டை யாருடையது என்று என்னிடம் விசாரித்தார். கம்பெனிப் பெருமையை எடுத்துச் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது. எழுந்து நின்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன்: அவர் எங்கள் மார்க்கர், பழைய பல்கலைக்கழக சாம்பியன். பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டார். மாநிலப் போட்டிக் கமிட்டியின் செயலாளர் அவர்தான் என்று எனக்குத் தெரியாது.

நவம்பரில் போட்டிக்கான விண்ணப்பத்தை நான்தான் பூர்த்தி செய்தேன். தட்டச்சில் ஒரு பிழை இல்லாமல் மூன்று தடவை அடித்தேன். ஆட்டத்தின் மூலம் ஊதியமோ வெகுமதியோ பெறாதவர் என்ற உறுதிமொழிக்குக் கீழே துலுக்கானம் கையெழுத்துப் போட்டார். அது பொய் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. சம்பளம் ஃபிட்டர் வேலைக்கு. டென்னிஸுக்குக் காலணா கிடையாது.

டிசம்பர் முதல் வாரம் விண்ணப்பம் திரும்பி வந்தது. கூட ஆங்கிலத்தில் ஒரு கடிதம். 'பிழைப்புக்காக ஆடும் மார்க்கர்களை இந்தப் போட்டியில் சேர்ப்பதில்லை. விண்ணப்பதாரர் தமது மட்டையைத் தொழில் கருவிகளோடு வைத்துப் பூஜை செய்ததையும், கிளப் ஊழியர்களோடு வெகுமதி பெற்றதையும் நான் நேரில் பார்த்தேன்.' கீழே உலகநாதனின் கையெழுத்து.

அதைத் துலுக்கானத்துக்குத் தமிழில் சொல்லி முடித்தேன். அன்றைக்கு அந்தப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது நீதானே என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். என்ன சொன்னாய் என்று கேட்டார். சொன்னேன்.

"பி.ஏ. படிச்சா இப்பிடித்தான் பேசத் தோணுமா, நைனா?" என்றார்.

அதற்கு மேல் அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மானேஜரிடம் போனோம். ஜானகிராமன் கெட்டவர் இல்லை. அவருக்குச் சர்க்கரை வியாதி. தினமும் ஒரு மணி நேரம் ஓடியாட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மார்க்கர் இல்லை என்று ஒரு கடிதம் கேட்டோம். எழுதித் தருகிறேன், ஆனால் எழுதிய நாளிலேயே பாஸை ரத்து செய்ய வேண்டும் என்றார். மார்க்கர் இல்லாத ஒரு தொழிலாளியைக் கிளப்புக்குள் விட்டால் மற்ற முந்நூறு பேருக்கு அவர் என்ன பதில் சொல்வார்? பாஸ் இல்லையென்றால் கோர்ட் இல்லை. கோர்ட் இல்லையென்றால் போட்டிக்குப் போய் என்ன செய்வது? துலுக்கானம் கடிதம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

விஷயத்தைக் கேட்ட அப்பாவு துடித்துப்போனார். தானே பட்டணத்துக்கு வந்து, வைக்கச் சொன்னது நான்தான் என்று சத்தியம் செய்வதாகச் சொன்னார். ஒரு சனிக்கிழமை மதியம் மூன்று பேரும் கமிட்டி ஆபீசுக்குப் போனோம். உலகநாதன் எங்களை உட்காரச் சொன்னார். அப்பாவு உட்காரவில்லை. பேச வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தவருக்கு அங்கே வாய் திறக்கவில்லை.

உலகநாதன் நிதானமாகக் கேட்டார். "ஆயுத பூஜைல நாம எதை வைக்கிறோம்? பிழைக்கிற தொழில் எதுவோ அந்தச் சாமானை. இல்லையா?"

"படிக்கிற பசங்க பொஸ்தகம் வெக்கிறாங்களே சார்" என்றார் துலுக்கானம். "அதுங்களுக்கு இன்னா சம்பளமா வருது?"

பெரியவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். நல்ல கேள்வி என்று ஒப்புக்கொண்டார். பக்கத்து மேஜைக்காரரிடம் அதைத் திருப்பிச் சொல்லியும் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. பிறகு அவர் சொன்னார்:

"சரிப்பா. ஆனா வேட்டி வாங்கிக்கிட்டியே."

பிறகு உலகநாதனே ஒரு வழி சொன்னார். மார்க்கர் என்ற பேர் போய், எந்தக் கிளப்பிலாவது மெம்பர் என்று அட்டை கொண்டு வந்தால் அவரே விண்ணப்பத்தை வாங்கி வைப்பதாக வாக்குக் கொடுத்தார். அதுவரை மார்க்கர்களுக்கென்று நடக்கும் தனிப் போட்டியில் ஆடலாமே என்றார். அதில் ஜெயித்தால் மார்க்கர் என்று கல்லில் வெட்டிவைத்த மாதிரி ஆகிவிடும் என்று துலுக்கானம் ரயிலில் திரும்பும்போது சொன்னார். அந்த வேட்டியை அவர் அப்பா ஏற்கெனவே கட்டிக் கிழித்துக்கொண்டிருந்தார். மகன் நடந்ததைச் சொன்னபோது வீராசாமி மடியைத் தடவிப் பார்த்துவிட்டு, வேட்டி நல்ல வேட்டிதான் என்றாராம்.

ஆக, வழி ஒன்றுதான். ஆங்கிலத்தில் இரண்டு தாளையும் எழுதிப் பாஸ் செய்ய வேண்டும். பி.ஏ. ஆனால் ஸ்டாஃப் ஆகலாம். ஸ்டாஃப் ஆனால் மெம்பர். மெம்பர் ஆனால் டிசம்பர். வேறு கம்பெனிக்குப் போகலாமே என்று நானும் பலமுறை சொன்னேன். ரயில்வேக்கும் பாங்குக்கும் எழுதிப் போட்டோம். எல்லோரும் முதலில் கேட்டது பட்டம், அடுத்துக் கேட்டது வயது.

நான் அவருக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தேன். என்னால் நேர்ந்ததை என்னாலேயே சரிசெய்ய முடியும் என்று நம்பினேன். மதிய சாப்பாட்டு நேரத்தில் சைக்கிள் கொட்டகையில் உட்காருவோம். நாடகப் பாடம் அவர் தலையில் ஏறவே ஏறாது. அரசன் பேசுகிறானா, பேய் பேசுகிறதா என்று கேட்டுவிட்டு, பேயாக இருந்தால் இவ்வளவு பேசுமா என்பார். ஒரு தாள் 1970 செப்டம்பரில் பாஸ் ஆயிற்று. இன்னொன்று அடுத்த வருஷமும் தேறவில்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. நடுவில் அவருக்குக் கல்யாணம் ஆயிற்று. மனைவி பஞ்சவர்ணம் பூந்தமல்லிப் பக்கம். புருஷன் புத்தகத்தை வைத்துக்கொண்டு வாய்க்குள் முணுமுணுப்பதைப் பார்த்து முதல் மாதம் பயந்துபோனார். விஷயம் தெரிந்ததும் என்னிடம் கேட்டார்:

"பந்து அடிக்கறதுக்கு இங்கிலீஷ் எதுக்குண்ணா? பந்துக்கு இன்னா இங்கிலீஷா தெரியும்?"

இத்தனைக்கும் நடுவே தினமும் ஐந்து மணிக்கு மானேஜர். நான் கேரம் ஆடும் இடத்தில் இருந்து கோர்ட் தெரியும். மானேஜர் நன்றாக ஆடுகிறார் என்றுதான் நான் வெகுநாள் நினைத்தேன். பந்து தன் பாட்டுக்குப் போகும், வரும், போகும், வரும். ஒருநாள் அதைத் துலுக்கானத்திடம் சொன்னபோது வியர்வையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"அவரு எங்க ஆடறாரு? நான் அவரு பேட்ட பாத்து அடிக்கிறேன் மாமே. அவரு ரெண்டு அடி வெச்சா கைக்கு எட்டணும். மூணு அடின்னா மூச்சு வாங்கும். பந்து தாண்டிப் போச்சுன்னா அப்பாவு போயி எடுத்தாரணும். மனுசன் ஓட்டம் நின்னுடும்."

ஒரு மணி நேரத்துக்கு நானூறு, ஐந்நூறு பந்து. ஒவ்வொன்றும் ஜானகிராமனின் மட்டைக்கு இரண்டடி தூரத்தில். அவருக்குச் சர்க்கரை இறங்கியது, தொப்பை கரைந்தது. டாக்டரே பாராட்டினாராம். துலுக்கானம் லீவு போட்டால் மானேஜர் அன்று எல்லோர் மீதும் எரிந்து விழுவார். ஆகவே ஷாப் ஃபோர்மேன்கூட அவருக்கு லீவு கொடுக்க யோசிப்பார். மச்சான் கல்யாணத்துக்குப் போனவரைக் கம்பெனி வண்டி அனுப்பி மாலை ஆட்டத்துக்குக் கூட்டி வந்ததும் உண்டு. பஞ்சவர்ணம் அதை இன்னும் மறக்கவில்லை.

1973 மார்ச்சில் இரண்டாவது தாளும் பாஸ் ஆயிற்று. எங்கள் ஊரில் நான் முதல் பட்டதாரி என்றால் அவர் தெருவில் அவர்தான் முதல் பட்டதாரி. தாயம்மா தெருவெல்லாம் கற்கண்டு கொடுத்தார். மறுநாளே சான்றிதழை எடுத்துக்கொண்டு மானேஜரிடம் போனோம். அவர் கை குலுக்கினார். ஸ்டாஃபில் காலியிடம் வந்தால் முதல் ஆள் நீதான் என்றார். காலியிடம் வர இரண்டு வருஷம் ஆயிற்று. 1975 ஜூனில் ஸ்டோர்ஸில் இளநிலை எழுத்தர். கிளப்புக்கு விண்ணப்பித்தபோது இன்னொரு விதியைக் கண்டுபிடித்தார்கள். கிளப்பில் ஊழியராக இருந்தவர் மெம்பராக ஒரு வருஷம் இடைவெளி வேண்டுமாம். அந்த ஒரு வருஷம் ஆட்டம் வேண்டாமா என்று நான் கேட்டேன். வேண்டும், அது எப்போதும்போல நடக்கட்டும் என்றார்கள். ஸ்டோர்ஸில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர் மாலையில் அதே பாஸோடு அதே பின்கதவு வழியாக வந்தார். நான் அடித்துக் கொடுத்த பாஸ் மடிப்பெல்லாம் கிழிந்து, பின்னால் காகிதம் ஒட்டியிருந்தது.

1976 அக்டோபரில் மெம்பர் அட்டை கிடைத்தது. எண் நாற்பத்தொன்று. உலகநாதன் தலை முழுதும் வெளுத்திருந்தது. கொடுத்த வாக்கை மறக்கவில்லை. விண்ணப்பத்தைத் தன் கையாலேயே வாங்கி வைத்துக்கொண்டார். துலுக்கானத்துக்கு அப்போது முப்பத்தொரு வயது.

டிசம்பரில் முதல் சுற்று ஆட்டத்துக்கு நானும் அப்பாவுவும் லீவு போட்டுவிட்டுப் போனோம். எதிராளி கல்லூரி மாணவன், பத்தொன்பது வயது இருக்கும். முதல் செட்டில் துலுக்கானம் நான்குக்கு ஒன்று என்று போனபோது ஓரத்தில் நின்றவர்களெல்லாம் யார் இந்த ஆள் என்று கேட்டார்கள். அவருடைய சர்வீஸை அந்தப் பையனால் தொட முடியவில்லை. அப்பாவு என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தார். முதல் செட் ஆறுக்கு நான்கு.

இரண்டாவது செட்டில்தான் கவனித்தேன். பையன் இடது ஓரத்துக்கு ஓடிப் பந்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டுத் தடுமாறி நிற்கிறான். வலது பக்கம் முழுதும் காலி. எனக்கே தெரிகிறது. துலுக்கானம் பந்துக்குக் கீழே போய் நிற்கிறார், கை ஓங்குகிறது, பந்து பையன் நிற்கும் இடத்துக்கே போகிறது. கச்சிதமாக, அவன் மட்டைக்கு இரண்டடியில். அவன் திருப்பி அடிக்கிறான். ஒரு தரம் நடந்தால் தவறு என்று நினைக்கலாம். நான் ஒன்பது வரை எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் அவர் தன் கையை ஒரு கணம் பார்த்துக்கொள்வார். பையனுக்கு என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டது. நாலைந்து பந்து பொறுமையாகத் திருப்பி அடித்துக் காத்திருப்பான். ஆறாவதில் கோட்டில் அடித்துவிடுவான். மூன்றுக்கு ஆறு. இரண்டுக்கு ஆறு.

கை குலுக்கிவிட்டு வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பாவு தண்ணீர் கொடுத்தார். நான் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். கொஞ்ச நாள் மாற்றி ஆடிப் பழகினால் சரியாகிவிடும் என்றேன்.

"யாரு கூட ஆடிப் பழவறது? அதே கோர்ட்டு, அதே மனுசன்" என்றார். கையை விரித்து மடக்கிப் பார்த்துக்கொண்டார். "ரெண்டு பக்கமும் காலியா கீது, எனக்கு நல்லா தெரியுது. அங்கதான் அடிக்கணும்னு நெனைக்கிறேன். கை அவன தேடிக்கினு போவுது."

அப்பாவு, அந்தப் பூஜையன்றைக்குத் தான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்றார். துலுக்கானம் அவரை அதட்டினார். பசிக்கிறது, முதலில் எங்காவது போய்ச் சாப்பிடலாம் என்றார். ரயில் நிலையத்துக்கு எதிரே சாப்பிட்டோம். மறுநாள் காலை அவர் ஸ்டோர்ஸில் இருந்தார். மாலை ஐந்து மணிக்கு மானேஜர் போட்டி எப்படி ஆயிற்று என்று விசாரித்தார். துலுக்கானம் தோற்றுவிட்டேன் சார் என்றார். மானேஜர் உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு இருவரும் ஆடினார்கள்.

மானேஜரோடு ஆடாமல் இருந்துவிடேன், இப்போது நீ மெம்பர்தானே என்று அந்த வாரம் நான் அவரிடம் சொன்னேன். இரண்டு நாள் அவர் வரவில்லை. மூன்றாம் நாள் ஜானகிராமன் ஸ்டோர்ஸுக்கே வந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டாராம். சர்க்கரை ஏறிவிட்டது என்றும் சொன்னாராம். ஸ்டோர்ஸில் நிரந்தரம் என்ற உத்தரவு அவர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஆளும் இல்லை. ஆனால் துலுக்கானத்துக்கு அது தெரியும், எனக்கும் தெரியும்.

இதை எழுதுவது 1978-ஆம் வருஷம். துலுக்கானம் பார்கவி பம்பு கம்பெனி ஸ்டோர்ஸில் எழுத்தராக இருக்கிறார். வேலை நிரந்தரமாகிவிட்டது. திருமுல்லைவாயிலில் அதே வீடு. இரண்டு பெண் குழந்தைகள். மாநிலப் போட்டிக்கு மறுபடி விண்ணப்பிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில் மாலை ஐந்து மணி முதல் ஆறு மணி வரை மானேஜர் ஜானகிராமனோடு டென்னிஸ் ஆடுகிறார்.